டிரெய்லர் இழுக்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப்: இந்த முறை கதவோர ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்கினேன்

டிரெய்லர் இழுப்பதற்காக பிக்கப் தேடுகிறீர்கள் என்றால், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இழுவைத் திறனைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடுகிற இடத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோடு. முதல் தடவை நான் அதைப் பார்க்காமலே வாங்கினேன்.

அந்தப் பழைய வண்டியின் பெயர் வேண்டாம். 4,500 கிலோ வரை இழுக்கும் என்றார் விற்றவர், என் டிரெய்லரோ தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகும் 2,900 கிலோதான், அப்புறம் என்ன கவலை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் நீண்ட பயணத்திலேயே ஸ்டீயரிங் காற்றில் மிதப்பது போல லேசாகிவிட்டது. இருட்டியதும் எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கியிருந்ததால் என் ஹெட்லைட் நேராக அவர்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. பெரிய லாரி ஒன்று முந்திப் போனபோது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பின் இருக்கையில் பிள்ளைகள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி பிரேக்கைத் தொடாமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நேராக்கினேன். அந்த சில நொடிகளை இன்னும் மறக்க முடியவில்லை.

மறுநாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரெய்லரை பிக்கப்போடு கோர்க்கும் இணைப்பின் மேல், இறங்க வேண்டும், அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் ஆடும். எனக்கு அது 370 கிலோ. அந்த 370 கிலோவை டிரெய்லர் சுமப்பதில்லை, பிக்கப்தான் சுமக்கிறது, அதனால் பேலோடு கணக்கில் வரும். வீட்டு ஆட்கள் நாலு பேர் 270 கிலோ. ஹிட்ச் சாமான் மட்டும் 45 கிலோ. ஆக 685. கதவோர ஸ்டிக்கரில் இருந்தது 560. இழுவைத் திறனில் 1,600 கிலோ மிச்சம் வைத்துக்கொண்டு, பேலோடில் 125 கிலோ கூடுதலாக ஏற்றி ஓட்டியிருக்கிறேன்!

சரி, இப்போது ஓட்டும் வண்டிக்கு வருகிறேன். 2022 ஃபோர்டு எஃப்-150, அதிக ஆடம்பரம் இல்லாத எக்ஸ்எல்டி ரகம், நாலு கதவு, பின்னால் சாமான் வைக்க நீளமான தொட்டி, 3.5 லிட்டர் ட்வின் டர்போ எஞ்சின், 10 கியர் ஆட்டோமேட்டிக். 400 குதிரைத்திறன், 678 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்டிக்கரில் 780 கிலோ. அதாவது என் 685 போக 95 கிலோ கையில் இருக்கிறது, தொட்டிக்கு மூடி போட்டு, கருவிப்பெட்டியும் இரண்டு மடக்கு நாற்காலியும் வைத்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறேன்.

ஏன் எக்ஸ்எல்டி என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக் கூரை, சூடாகும் தோல் இருக்கை, தானாக இறங்கும் படிக்கட்டு, இதெல்லாம் எடை, எல்லாமே பேலோடிலிருந்துதான் கழியும். அதே எஃப்-150, அதே எஞ்சின், உயர் ரகத்தில் 600 சொச்சம் கிலோவுக்கு இறங்கிவிடுவது சர்வ சாதாரணம். பார்க்க ஒரே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளின் ஸ்டிக்கர்கூட ஒன்றாக இருக்காது.

அந்த வருட எஃப்-150க்கு ஃபோர்டு சொன்ன அதிகபட்ச இழுவை 6,350 கிலோ, இழுவைக்கென்று தனியாகக் கிடைக்கும் சரியான டோயிங் பேக்கேஜ் போட்ட சில வண்டிகளுக்கு மட்டும். எண் பொய்யில்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பின் ஜே2807 என்று ஒரு இழுவைச் சோதனை முறை இருக்கிறது, 2008-இல் வந்தது, டொயோட்டாதான் முதலில் 2011 மாடல்களுக்கு அதை ஏற்றுக்கொண்டது, மற்றவர்கள் சில வருடம் கழித்து வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே 18 கிலோமீட்டர் ஏற்றம், 38 டிகிரி வெயில், ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு, வேகம் 64 கிலோமீட்டருக்குக் கீழே விழாமல் ஏற வேண்டும். நல்ல கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் ஆளுக்கு 68 கிலோ வீதம் இரண்டு பேர் என்றுதான் கணக்கு, ஹிட்ச் எடை 10 சதவீதம். 6,350-இல் 12 சதவீதம் போட்டுப் பாருங்கள், 762 கிலோ. என் வண்டியில் நான் ஏறி உட்கார்ந்ததுமே கணக்கு முடிந்துவிடும்.

ஓட்டுவதற்கு எப்படி? ஏற்றத்தில் மிகவும் பிடித்திருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் பலத்தை இழக்கும், இதில் அந்த மூச்சுவாங்கல் தெரியவில்லை, உச்சியிலும் அடிவாரத்தில் இழுத்த மாதிரியே இழுக்கிறது. இறக்கத்தில், பாரம் இழுப்பதற்கென்று இருக்கும் டோ/ஹால் மோடு போட்டால் பிரேக்கை லேசாகத் தொட்டதும் தானாகக் கீழ் கியருக்கு வந்து பிடித்துக்கொள்கிறது. புகை வெளியேறுவதை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் டீசல் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக் அளவுக்கு இராது, இந்த எடைக்கு எனக்குப் போதும். இரண்டு அச்சுக்கும் நடுவில் ஏறத்தாழ 4 மீட்டர் என்பதால் காற்றிலும் லாரி முந்தும்போதும் வண்டி அசையாமல் நிற்கிறது. குட்டைத் தொட்டியில் இது 3.7 மீட்டர்தான். நிறுத்த இடம் தேடுவது சிரமம், அது உண்மை.

ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு திருகு கொடுத்திருக்கிறார்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருகினால் ஸ்டீயரிங்கை வண்டியே பார்த்துக்கொள்ளும். கையால் பழகிவிட்ட எனக்கு அதிகம் தேவைப்படவில்லை, என் மனைவி முதல் நாளே இதை வைத்து அழகாக உள்ளே விட்டுவிட்டார்.

எரிபொருள் பற்றிக் கேட்காதவர் இல்லை. பெட்டி மாதிரி உயரமான டிரெய்லரைக் கட்டினால் எந்த பிக்கப்பாக இருந்தாலும் செலவு இரட்டிப்பாகும், காரணம் எடையைவிடக் காற்று. 136 லிட்டர் டேங்க் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மின்சார பிக்கப்பில் ரேஞ்ச் பாதியாகிவிடும், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வாங்கின பிறகு நானாகச் செய்தது இரண்டு. டயரை மாற்றினேன், கார் வகை டயரின் பக்கச்சுவர் மெத்து மெத்தென்று இருக்கும், லைட் டிரக்குகளுக்கான கெட்டியான எல்டி வகை டயர் போட்டதும் பின்பக்க நெளிவு போய்விட்டது. அப்புறம் எடையைப் பிரித்துவிடும் ஹிட்ச், அது பின் அச்சிலிருந்து கொஞ்சத்தைத் தூக்கி முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் அனுப்பும். அதனால் பேலோடு கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஸ்டிக்கர் எண் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் டிரெய்லர் ஏற்றிய எடையில் 3,500 கிலோவைத் தாண்டுகிறது, குடும்பமும் கூட வருகிறது என்றால் எஃப்-150 வேண்டாம், எஃப்-250 மாதிரி அடுத்த வகுப்புக்குப் போய்விடுங்கள். காலியாக ஓட்டும்போது குலுக்கும், பழகிக்கொள்ளலாம். அதிலும் டீசலா பெட்ரோலா என்று முடிவெடுக்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள், டீசல் எஞ்சினின் கூடுதல் எடையும் அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் கழிந்திருக்கும்.