ஆறு வருடமாகத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரோடு

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இங்கே அமெரிக்காவில் இருபது வருடம் கடைகளில் உழைத்தவர். சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியப் பணம் வருகிறது. போதாததற்கு ஸ்னாப் என்னும் அரசு உணவு உதவி. ஆங்கிலம் "யெஸ், நோ" அளவுதான்.

இந்த அலுவலகங்களோடு முதலில் அவருக்காக நானே பேசினேன். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் மாதம் 35 டாலருக்கு மேல் கைக்காசில் செய்யும் மருத்துவச் செலவை ஸ்னாப் கணக்கில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மருந்துக்குக் கடன் வாங்குவதை என் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, செலவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரிடம் மடமடவென்று சொல்லிவிட்டார்.

அலுவலகங்களே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தரும் இந்தச் சேவை இலவசம். ஆனால் வாசலே ஆங்கிலத்தில் இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வேண்டுமென்றால், பதிவுக்குரல் பேசி முடித்து ஆள் வரும்வரை வாயே திறக்கக்கூடாது. இதை யாராவது சொன்னால்தானே தெரியும்! வேறோர் அலுவலகத்தில் தமிழ் என்றதும் பிலிப்பைன்ஸ் மொழியான டகாலாக் பேசுபவரை இணைத்துவிட்டார்கள். அதிலிருந்து டி, ஏ, எம், ஐ, எல் என்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறோம்.

ஆள் கிடைத்தாலும் சொல் கிடைக்க வேண்டும். ஸ்னாப் நேர்காணலில் 'ஹவுஸ்ஹோல்டு' என்பதை ஒருவர் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்க, இவர் வீட்டுக்காரர் குடும்பத்தையும் சேர்த்து "ஆறு" என்றார். எல்லாருடைய சம்பளச் சீட்டும் கேட்டுக் கடிதம் வந்தது. ஸ்னாப் கணக்கில் அந்தச் சொல்லுக்கு, சேர்ந்து வாங்கிச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்று பொருள். அடுத்த முறை வந்த இலங்கைப் பெண், "ஐயா, தனியாச் சமைக்கிறீங்களோ, அவையளோட சேர்ந்தோ?" என்றார். "தனி அடுப்பு அம்மா" என்றார் பெரியவர். ஒரே நிமிடத்தில் முடிந்தது. அதற்கப்புறம் யார் வந்தாலும், புரியாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் "வேற மாதிரி கேளுங்க" என்கிறார்.

2000-இல் அதிபர் கிளிண்டன் போட்ட மொழி உதவி ஆணை மார்ச் 2025-இல் ரத்தானபோது, இனி கிடைக்காதோ என்று பயந்தோம். ஆனால் அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி இன்னும் இருக்கிறது. எங்களுக்கு இதுவரை யாரும் மறுக்கவில்லை.

கடிதங்கள்தான் தேறவில்லை. மருத்துவ உதவிக் கடிதத்தோடு வரும் பதினைந்து மொழி அறிவிப்புத் தாளில் எங்கள் மாநிலத்தில் தமிழ் கிடையாது. உறை வந்தால் பிரிக்காமலே கொண்டுவருகிறார். பதிலுக்கான கெடு தேதியை முதலில் தேடி, உறைமேல் பெரிதாகத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மிச்சத்தை அவரே அலுவலகத்தைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.