9,900 எம்ஏஎச் டார்ச் செல், பத்து எண்ணக் கட்டு: கடலுக்குக் கொண்டுபோக ஆகாது

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கரை நெடுக இப்போது பலர் கையிலும் நெற்றியிலும் இருப்பது 18650 என்னும் ரீசார்ஜ் லித்தியம் செல் போட்ட எல்இடி டார்ச். அதற்கு மாற்றுச் செல் வேண்டும் என்று இணையத்தில் தேடினால், பத்தும் இருபதுமாகக் கட்டி விற்கும் மலிவுச் செல்தான் முதலில் வந்து நிற்கிறது. பளபளக்கும் உறை, அதன்மேல் பெரிய எழுத்தில் 9,900 எம்ஏஎச் (செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு). சிலவற்றில் 12,000 என்றுகூட அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மதிப்புரை அந்த வகைக் கட்டைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

18650 என்பது செல்லின் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்துக்கு. இந்தக் குழாய்க்குள் பானசோனிக், சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்களின் உயர்ந்த வகைச் செல்களே 3,400, 3,500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன. 9,900 என்பது உண்மையானால் ஒரு கிலோ செல்லில் ஏறக்குறைய 800 வாட்-மணி மின்சாரம் இருக்க வேண்டும். நல்ல செல்லிலேயே 250 முதல் 270 வரைதான் இருக்கிறது. மலிவுக் கட்டின் செல்லை அளந்தால் பெரும்பாலும் 1,000 எம்ஏஎச் பக்கம்தான் வரும். பாதியாகக் குறைவதும் உண்டு. நடைமுறையில் இதன் பொருள் என்ன? 3 வாட் இழுக்கும் டார்ச்சை 3,500 எம்ஏஎச் செல் நாலு மணி நேரம் எரியவிடும். அச்சில் உள்ள 9,900-ஐ நம்பினால் பன்னிரண்டு மணி நேரம், அதாவது இரவு முழுக்க. உண்மையில் கிடைப்பதோ ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இருட்டில் வலை இழுக்கும்போது, எதிரே வரும் விசைப்படகுக்கு வெளிச்சம் காட்ட வேண்டிய நேரத்தில் டார்ச் அணைந்தால் அது பணக் கணக்கு மட்டுமல்ல.

இதைக் கண்டுபிடிக்கக் கடற்கரையில் எல்லாரிடமும் உள்ள கருவி போதும்: மீன் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு. அசல் 18650 செல் 45 முதல் 49 கிராம் வரை இருக்கும். தராசு ஐந்து கிராமுக்குக் கீழே காட்டாவிட்டாலும் கவலையில்லை, பத்தையும் சேர்த்து வையுங்கள். 450 கிராமுக்கு மேல் நின்றால் எடையளவில் சரி. 350, 300 என்று நின்றால் உள்ளே செல் முழுதாக இல்லை. இப்படிப்பட்ட போலிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் சிறிய செல் ஒன்றையும், எடைக்காக அடைத்த வெள்ளைத் தூளையும் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பிரிக்க வேண்டாம், அது ஆபத்து. எடை சரியாக இருந்தாலும் செல் நல்லது என்று அர்த்தமாகிவிடாது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல்லுக்கும் எடை சரியாகவே இருக்கும். அதற்குப் புது உறை போட்டு விற்கிறார்கள். இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தகடு ஒட்டியிருந்த பொட்டுப் பொட்டான வெல்டிங் தழும்பு இருந்தால் அது ஏற்கெனவே ஓடிக் களைத்த செல்.

அடுத்தது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். இந்த வகைச் செல்களை விமானச் சரக்கில் தனியாக அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது 2016 முதல் உள்ள விதி. அதனால் பெட்டியில் இருந்து எடுத்த புதுச் செல் ஏறக்குறைய 3.4 முதல் 3.7 வோல்ட் காட்ட வேண்டும். ஒரே கட்டில் ஒன்று 3.6, இன்னொன்று 3.1, மற்றொன்று 2.2 என்று வந்தால் அவை ஒரே இடத்தில் ஒரே நாளில் செய்தவை அல்ல. 2.5-க்குக் கீழே உள்ளதைச் சார்ஜரில் போடவே வேண்டாம். மிகக் கீழே இறங்கிக் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையக்கூடும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

கலந்து வரும் செல்களால் உண்டாகும் பெரிய ஆபத்து இரண்டு செல் போடும் டார்ச்சில்தான். அதில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடும். ஒன்றில் 1,200, மற்றதில் 600 இருந்தால், 600 உள்ளது முதலில் காலியாகும். ஆனால் டார்ச் நிற்காது. தெம்புள்ள செல் தன் மின்னோட்டத்தைக் காலியான செல்லின் வழியே தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான செல்லில் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாகி, அது சூடேறி, உள்ளே வாயு கிளம்பும். ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் போட்டுத் தண்ணீர் புகாமல் இறுக்கிய அலுமினியக் குழாயில் அந்த வாயு வெளியேற வழியில்லை. வெடிகுண்டின் அமைப்பும் அதுதான். கடலுக்கென்றே இறுக்கமாகச் செய்த டார்ச்சில் இந்த அபாயம் கூடுதல் என்பதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். டார்ச் கை பொறுக்காத சூட்டுக்கு வந்தாலோ, சீறும் ஓசையோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தாலோ மூடியைத் திறக்காதீர்கள். ஆளுக்கு எட்டத்தில் வையுங்கள். வள்ளத்தில் அதற்கு இடமில்லை என்றால் கடலில் விட்டுவிடுவதே உயிருக்கு நல்லது. கரையில் தீப்பிடித்தால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். புகை நச்சு, பக்கத்தில் நிற்கக்கூடாது.

கட்டோடு இலவசமாக வரும் சார்ஜர் பற்றி ஒரு வரி போதும்: குப்பைக்கு. நல்ல சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும். இவை அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போகக்கூடும். சார்ஜ் அளவுமீறி ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் மலிவுச் செல்லில் பெரும்பாலும் கிடையாது. உறையில் மட்டும் எழுதியிருக்கும். சர்க்யூட் உள்ள செல் சற்று நீளம் கூடி 67 முதல் 70 மில்லிமீட்டர் வரை வரும். சரியாக 65 இருந்து ‘பாதுகாப்பு உள்ளது’ என்று அச்சும் இருந்தால் அச்சை நம்பாதீர்கள்.

முதல் சார்ஜை சிமெண்ட் தரையில், 500 மில்லி ஆம்பியரில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். வலைக் குவியல் மேலோ, ஓலைக் கொட்டகையிலோ, படகுப் பலகையிலோ வேண்டாம். 4.2 வோல்ட்டுக்கு நிரப்பி ஒரு வாரம் சும்மா வைத்து அளந்தால் 4.15-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 4.1-க்கும் கீழே இறங்கிய செல் உள்ளே கசிகிறது.

மொத்தமாக வாங்கி வைப்பதில் நம் ஊருக்கே உரிய இடைஞ்சல்களும் உண்டு. லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் முதுமையடையும்; வெக்கையில் இன்னும் வேகமாக. தகரக் கூரையின் கீழோ இன்ஜின் பெட்டியிலோ நிறைசார்ஜில் வைத்த இருபது செல், அடுத்த பருவத்தில் பெட்டியைத் திறக்கும்போது வாங்கிய நாளின் நிலையில் இருக்காது. வைத்தே ஆக வேண்டுமானால் 3.7 வோல்ட் அளவில், நிழலில், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில். தூண்டில் முள், கத்தி, சாவியோடு ஒரே பையில் போட்டால் மெல்லிய உறை கிழிந்து ஷார்ட் ஆகும். உப்புத்தண்ணீர் பட்ட செல்லைத் துடைத்து மறுபடி போடாதீர்கள். பிளஸ் முனையைச் சுற்றியுள்ள மடிப்பில்தான் வாயு வெளியேறும் அமைப்பு இருக்கிறது. உப்பு அங்கேதான் முதலில் அரிக்கும்.

லித்தியம் வேண்டாம், பழைய கட்டைப் பேட்டரியே போதும் என்பவர்களும் மொத்த விற்பனையில் ஏமாற இடமுண்டு. குறியீட்டைப் பாருங்கள். பெரிய கட்டையில் ஆர்20 என்றால் துத்தநாக-கார்பன், எல்ஆர்20 என்றால் அல்கலைன். சின்னக் கட்டைக்கு ஆர்6, எல்ஆர்6. அந்த ஒரு ‘எல்’ எழுத்தால் எரியும் நேரத்தில் பெரிய வித்தியாசம். பெரிய அல்கலைன் கட்டை பொதுவாக 135 கிராம் அளவில் இருக்கும். ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருப்பது துத்தநாக வகையே. தீர்ந்தபின் டார்ச்சிலேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

எதை வாங்கலாம்? சர்க்யூட் இல்லாத வெறும் செல்லைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்களே எச்சரித்திருக்கின்றன. ஆகவே டார்ச் செய்த நிறுவனமே தரும், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் இரண்டு மட்டும் வாங்குங்கள். செல்லின் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும். பெயர் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆயிரம் எம்ஏஎச் செல் மூன்று சேர்ந்தாலும் ஒரு நல்ல செல்லின் வேலையை எட்டாது என்பதால், விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து மயங்காதீர்கள். கூடவே வள்ளத்தில் ஓர் எல்ஆர்6 டார்ச் உபரியாகக் கிடக்கட்டும். அதற்கான கட்டை சாதாரண பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தினமும் எரிப்பவர்களுக்கு நிக்கல் வகை ரீசார்ஜ் கட்டை இன்னும் நல்லது, 1.2 வோல்ட்தான், ஆனால் லித்தியம்போல் தீயாக மாறாது.

போலி வந்துவிட்டால், பெட்டியைப் பிரிப்பதையும் தராசில் நிறுப்பதையும் ஒரே வீடியோவாக எடுத்து விற்பனைத் தளத்தில் புகார் பதியுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர்கள் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. திருப்பி எடுக்க மறுத்த செல்லைக் குப்பைத்தொட்டியிலோ கடலிலோ போட வேண்டாம். இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.