கல்லா, கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே சந்தாவில்: சில வருட அனுபவம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்களுடையது சின்ன ஜவுளிக்கடை. கல்லா, கணக்கு, சரக்கிருப்பு, சம்பளம் எல்லாம் ஒரே நிறுவனத்தின் மென்பொருள் பேக்கேஜில்தான் ஓடுகின்றன. பெயர் வேண்டாம்.

2023 தொடக்கத்தில் பொருள், சேவை வரி 7லிருந்து 8 விழுக்காடானபோது எங்களிடம் தனித்தனி மென்பொருள்கள். கல்லாவில் ஒரு வரி, இன்வாய்ஸில் ஒரு வரி என்று மாதக் கடைசி வரை இழுத்தது. 2024 ஜனவரி 1 அன்று 9 ஆனபோது பேக்கேஜுக்கு மாறியிருந்தோம். ஓரிடத்தில் மாற்றினோம், வேலை முடிந்தது. மூத்த ஊழியர்களின் மத்திய சேம நிதி (மசே நிதி) விகிதம் மாறும்போதும் சம்பளப் பகுதி தானே சரிசெய்துகொள்கிறது. நான் காசு கொடுப்பது இந்த இணைப்புக்குத்தான், தள்ளுபடிக்கு அல்ல.

கூடவே மின்னஞ்சல் விளம்பரம், திட்ட மேலாண்மை என்று வேறு சிலவும் வந்தன. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள் என்றோம். வேண்டியதை மட்டும் வாங்கினால் இன்னும் அதிகமாகும் என்றார்கள்!

விற்பவர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு சரிதான். கணக்கு மென்பொருளுக்கு நான் 60 வெள்ளி (டாலர்) தருவேன், சம்பளத்துக்கு 20. ஆட்கள் அதிகமுள்ள துப்புரவு ஒப்பந்தக்காரர் நேரெதிர். ஒவ்வொன்றையும் 60க்கு விற்றால் ஆளுக்கு ஒன்றுதான் வாங்குவோம், 120 வெள்ளி. சேர்த்து 80க்கு விற்றால் இருவரும் வாங்குவோம், 160. இன்னொரு பிரதி கொடுக்க அவர்களுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை.

போட்டியாளர்களுக்குத்தான் இது வலிக்கும். அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸை ஆபிஸோடு சேர்த்துக் கொடுப்பதாக மைக்ரோசாப்ட் மீது, அதே வகைச் செயலியை விற்கும் ஸ்லாக் நிறுவனம் 2020இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. 2024 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் உலகம் முழுக்க டீம்ஸைத் தனியாக விற்கத் தொடங்கியது.

எங்கள் தலைவலி வேறு. சரக்குப் பட்டியலை எக்ஸெலில் இறக்கலாம். எந்த ரசீதுக்கு எந்தப் பணம் வந்தது என்ற தொடர்பு மட்டும் வெளியே வராது. அது இல்லாமல் பழைய பாக்கியை எப்படி வசூலிப்பது? வாங்கும்முன் விலைப்பட்டியலைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விற்பனை ஆள் தானாகச் சொல்ல மாட்டார்.

இப்போதைக்கு விட்டுப்போக முடியாது. அதனால் ஆண்டுச் சந்தாவை மட்டும் மாதச் சந்தாவாக மாற்றிக்கொண்டோம். கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.