சுய உதவிக் குழுவா, மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியா?

அவசரத்துக்குக் கம்பெனிக் கடன் சீக்கிரம் கிடைக்கும். சுய உதவிக் குழுவில் ஆறு மாதமாவது சேமித்து, தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் ஒழுங்காக இருந்தால்தான் வங்கிக் கடன். ஆனால் குழுச் சேமிப்பிலிருந்து வாங்கும் உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்புகிறது; அதனால் பொறுத்திருப்பதே மேல்.

கம்பெனிக் கடனில் வட்டிக் கணக்கைக் கவனியுங்கள். 30,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று முழு அசலுக்கும் ஓராண்டு வட்டி போட்டால் மாதம் 2,800 கட்ட வேண்டும். கட்டக் கட்டக் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும்! மழையில் சித்தாள் வேலை நின்றாலும் தவணை நிற்காது. பெண்கள் சேர்ந்து பொறுப்பேற்று வாங்கும் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதை அடைக்க இன்னொரு கடன். குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு வருவதும் விதிமீறல்.