62,000 பேர் வந்தார்களாம், ஒரு சேலைகூடப் புதிதாக விற்கவில்லை

மதுரையில் சுங்குடிச் சேலை வியாபாரம் எங்களுடையது. கடை அப்பா காலத்தது, வெப்சைட் மட்டும் நான் ஆரம்பித்தது. அதற்கு ஆள் கூட்டித் தருகிறோம் என்று வந்த ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் ஏழு மாதம், மாதம் 18,000 ரூபாய் என்று அழுதேன். பெயரைப் போடப்போவதில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள், ஏமாற்றிய விதத்தைச் சொன்னால் போதும்.

மாதம் பிறந்தால் ஒரு தம்பி வருவார். பேச்சு சர்க்கரை. லேப்டாப்பைத் திறந்தால் நீலக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போகும்.

"அண்ணே, இந்த மாசம் 62,000 ஹிட்ஸ்."

"அப்ப ஆர்டர் ஏன் தம்பி வரலை?"

"கூகுள் இப்பத்தாண்ணே நம்மள நம்ப ஆரம்பிச்சிருக்கு. மூணு மாசம் பொறுங்க."

அந்த மாதம் வெப்சைட்டில் வந்தது மூன்று ஆர்டர். மூவரும் பல வருடமாகக் கடைக்கு வந்துபோகிறவர்கள்.

ஹிட்ஸ் என்றால் ஆள் கணக்கு என்றே நினைத்திருந்தேன். அது இல்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படமும் சர்வரிலிருந்து தனித்தனியாக இறங்கும், ஒவ்வொன்றும் ஒரு ஹிட். என் முதல் பக்கத்தில் 40 சேலைப் படங்கள். ஒரே ஆள் ஒரே தடவை திறந்தாலே 40 தாண்டிவிடும். அவர் காட்டியது, வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங்கோடு கிடைக்கும் ஆவ்ஸ்டாட்ஸ் என்ற கணக்குத் திரை. எத்தனை பேர், எத்தனை வருகை என்பதெல்லாம் அதே வரிசையில்தான் இருந்தன. அவர் விரல் அங்கே போகவே இல்லை.

இதைக் கேட்டதும் ஆள் அசரவில்லை. "சரிண்ணே, கூகுள் அனலிட்டிக்ஸையே பாருங்க" என்றார். வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுளின் கருவி அது. அங்கே 9,000 யூசர்கள். வாயை மூடிக்கொண்டு அடுத்த மாதப் பணத்தையும் கொடுத்தேன்.

தீபாவளிக்கு வந்த அக்கா மகன்தான் லாகினை வாங்கிப் பார்த்தான். "மாமா, எந்த ஊர்லேருந்து வர்றாங்கனு பாத்தீங்களா?" நாடு என்று இருந்ததை நகரம் என்று மாற்றினான். முதலில் ஆஷ்பர்ன், அடுத்து கவுன்சில் பிளஃப்ஸ், அதற்கடுத்து போர்ட்மேன். மதுரை பதினோராவது இடத்தில். அமெரிக்காவில் நம் சேலைக்கு இவ்வளவு மவுசா என்று ஒரு நிமிடம் பூரித்துக்கூடப் போனேன், வெட்கக்கேடு. மூன்றுமே பெரிய பெரிய டேட்டா சென்டர்கள், அதாவது சர்வர்கள் வரிசையாக ஓடும் கட்டடங்கள், இருக்கும் ஊர்கள், அங்கிருந்து வருவது பெரும்பாலும் ஆள் இல்லை, புரோகிராம் என்றான். வர்ஜீனியாவில் இருக்கும் ஆஷ்பர்ன் பக்கம் நம்மவர்களும் நிறையவே உண்டு, அது வேறு. ஆனால் சேலை பார்க்க வருகிறவர் ஒரு விநாடியில் ஓடமாட்டார். அந்த ஊர்களுக்கு நேரே சராசரி ஈடுபாட்டு நேரம் பூஜ்யம் அல்லது ஒரு விநாடி. மதுரைக்கு நேரே இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, ஆர்டர் மாதிரி முக்கியமாக ஏதாவது செய்தாலோதான் கூகுள் அதை உருப்படியான வருகையாகவே எடுத்துக்கொள்ளுமாம்.

மணி வாரியாகப் பார்த்தோம். விடியற்காலை மூன்று மணிக்கும் பகல் பதினொன்றுக்கும் ஒரே அளவு கூட்டம். கடை வைத்திருக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று பணம் வாங்கியவர்கள், ஆனால் வந்ததில் முக்கால்வாசி 'டைரக்ட்', அதாவது தேடல் வழியாக வராமல் நேரே வந்ததாகப் பதிவானவை. கூகுள் தேடல் கணக்கை மட்டும் காட்டும் சர்ச் கன்சோலில் அந்த மாதம் தேடலிலிருந்து வந்த கிளிக் 57.

ஆள் இல்லாமல் தானாகப் பக்கங்களைத் திறக்கும் புரோகிராம்களை 'பாட்' என்கிறார்கள். தெரிந்த பாட்களை கூகுளே கழித்துவிடுகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கும் டிராஃபிக்கில், நிஜ பிரவுசரையே திறந்து மூடும் புரோகிராம்கள் ஓடுகின்றன. அவற்றில் நிறைய அந்த வடிகட்டியில் மாட்டுவதில்லை.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரிப்போர்ட்ல பொய்யா ஒரு நம்பர்கூட இல்லையேண்ணே" என்றார். அது உண்மைதான். ஒப்பந்தத்திலும் 'டிராஃபிக்கை உயர்த்தித் தரப்படும்' என்று மட்டுமே இருந்தது. விற்பனை என்ற சொல்லே இல்லை. 1,26,000 ரூபாய் போனது போனதுதான்.

இன்னொரு அடியும் விழுந்தது. அனலிட்டிக்ஸ் கணக்கு அவர்கள் மெயிலில் இருந்தது, எனக்குக் கொடுத்திருந்தது பார்க்கும் உரிமை மட்டும். பணத்தை நிறுத்திய மறுநாள் அதுவும் போய்விட்டது. புதிதாகத் தொடங்கினால் பழைய கணக்கு அதில் வராது, பூஜ்யத்திலிருந்துதான். உங்கள் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் தொடங்கி, நிர்வாகி உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு, அவர்களை உள்ளே சேருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரோடு மேலே பேச வேண்டாம்.

அதே தம்பி இப்போது எங்கள் தெருவில் நாலு கடை தள்ளி இருக்கும் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் போய், ஊர்ப் பட்டியலை எங்கே திறப்பது என்று அண்ணாச்சிக்குக் காட்டிவிட்டு வந்தேன்.