கட்டிங் ஆயில் கேட்டேன், கூலன்ட்டைத் தலையில் கட்டினார்கள்: 3,970 ரூபாய் போச்சு

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் கோபம் அடங்கவில்லை. வீட்டில் இரும்பு வேலை பார்க்கிறவர்கள் யாராவது என்னை மாதிரி ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரு பெஞ்ச் ட்ரில்லும் வைஸும் வைத்திருக்கிறேன். சித்தப்பா மெஸ் நடத்துகிறார். இடியாப்ப மெஷினுக்கு ஒரு அடித்தட்டு வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுச் சமாச்சாரம், துருப்பிடிக்கக் கூடாது. அதனால் 304 என்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 10 மி.மீ. தட்டு. எட்டு ஓட்டை, எட்டிலும் எம்8 மரை, அதாவது 8 மி.மீ. போல்ட் ஏறுகிற மரை. அதை டேப் என்கிற கருவியைத் திருகித்தான் வெட்டவேண்டும்.

304-ல் துளை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிட் வெட்டாமல் கொஞ்ச நேரம் உரசினால் போதும், அந்த இடமே இறுகிவிடும். அப்புறம் என்ன அழுத்தினாலும் இறங்காது. வழக்கமாகத் தேங்காய் எண்ணெயை விட்டு ஒப்பேற்றுகிறவன்தான் நான். இந்த முறை கட்டிங் ஆயில், அதாவது உலோகம் வெட்டும்போது விடுகிற எண்ணெய், வாங்கி முறையாகச் செய்வோம் என்று புத்தி போயிற்று.

கோயம்புத்தூரில் ஹார்டுவேர் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெரு. அதில் ஒரு பழைய கடை. கல்லாவில் இருந்த பெரியவர் டாக்டர் மாதிரி விசாரித்தார். என்ன மெட்டல், எத்தனை எம்எம், கையில் டேப் போடுறீங்களா மெஷினிலா. எல்லாம் சொன்னேன். "எஸ்எஸ்ஸுங்களா? அப்ப சாதா ஆயில் ஆகாதுங்க தம்பி" என்று உள்ளேயிருந்து ஒரு நீலக் கேனை எடுத்துவரச் சொன்னார். லேபிள் இல்லை. மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துக் காட்டினார். "பாருங்க, எப்படி ஒட்டுதுன்னு. பட்டறைக்காரங்களுக்கே இதைத்தான் கொடுக்கிறோம்." ஒரு லிட்டர் போதும் என்றேன். அஞ்சு லிட்டர்தான் வருமாம். 1,650 ரூபாய். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அந்த டீயில்தான் விழுந்தேன். துண்டுச்சீட்டில் 'ஆயில் 1' என்று எழுதித் தந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் ஓட்டையிலேயே 6.8 மி.மீ. பிட் கீச்சென்று கத்தியது. வேகத்தைக் குறைத்தேதான் ஓட்டினேன். ஆயிலைத் தாராளமாக விட்டேன். சுருள் வரவேண்டிய இடத்தில் தூள்தான் வந்தது. பிட் முனை நீலம் பாய்ந்தது. இரண்டாவது ஓட்டையை முடிப்பதற்குள் இரண்டு பிட் காலி, 340 ரூபாய். சரி, எப்படியோ துளை இறங்கிவிட்டது என்று டேப்பை வைத்தேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, பதமாகத்தான் போனேன். முதல் ஓட்டை தப்பித்தது. இரண்டாவதில் பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம். டேப் உள்ளேயே முறிந்து, அதைத் திருகுகிற ரெஞ்ச் மட்டும் கையோடு வந்தது. புது ஹை ஸ்பீட் ஸ்டீல் டேப் செட், 780 ரூபாய்.

கை கழுவப் போனேன். குழாய்த் தண்ணீர் பட்டதும் கையெல்லாம் பால் மாதிரி வெள்ளை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது கூலன்ட் ஆயில். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் என்கிற மாதிரி கலந்து, லேத்திலும் ஹாக்சா மெஷினிலும் சூடு தணிக்க ஊற்றுகிற சரக்கு. ஸ்டெயின்லெஸ்ஸில் மரை போடுகிற அழுத்தத்துக்கு அது தாங்காது.

மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு. திங்கள் காலை கேனோடு போய் நின்றேன். அதே பெரியவர் என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை என்பது போல் நிமிர்ந்தார். "டேப் போடுறதுக்குக் கைப்பழக்கம் வேணுங்க தம்பி." ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் காட்டினேன். "ஓனர் வந்ததும் பேசுங்க." மதியம் போன் பண்ணினால், ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார். சாயங்காலம் பண்ணினால், திறந்த கேனைத் திருப்பி எடுக்கமாட்டோம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல் என்றான் நண்பன். பில் எங்கே? 'ஆயில் 1'-ஐ வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

உடைந்த டேப் ட்ரில்லுக்கு அசையாது, அதுவே அவ்வளவு கெட்டி. கருவிகள் செய்கிற ஒரு டூல் ரூமில் ஸ்பார்க் எரோஷன், அதாவது மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற முறை, போட்டு எடுத்தார்கள், 1,200 ரூபாய். மொத்தம் 3,970. சித்தப்பாவிடம் கேட்கவா முடியும்?

கைப்பழக்கம் இல்லை என்றாரே, அதற்கும் பதில் இருக்கிறது. தெரிந்த லேத் பட்டறை அண்ணன் ஒரு குவார்ட்டர் பாட்டிலில் கொஞ்சம் டேப்பிங் ஆயில் ஊற்றிக் கொடுத்தார். பழுப்பு நிறம், கந்தக நாற்றம். அதே தட்டு, அதே மெஷின், அதே கை. மீதி ஆறு ஓட்டையும் சுருள் சுருளாக இறங்கின. ஆறுக்கும் ஒரே பிட், ஒரே டேப் செட்.

அவசரமாக நாலு விஷயம். லேபிள் இல்லாத கேனைத் தொடாதீர்கள். கடையிலேயே தண்ணீரில் ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்கள், பாலாகக் கலங்கினால் அது டேப் போட அல்ல. கந்தக ஆயிலைச் செம்பு, பித்தளையில் விடாதீர்கள், கறுத்துவிடும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும், வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம். முக்கியமாகப் பில், பொருளின் பெயர் எழுதிய பில்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், மறுபடி எரிச்சல் வருகிறது. நாலே முக்கால் லிட்டர் ஷெட் மூலையில் கிடக்கிறது. லேத் வைத்திருக்கிறவர்கள் யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.