யோண்டுக்கு அழுதேன், அஸ்கார்டுக்கு சிரிச்சேன்

2017ல ஆறு மாச இடைவெளில மார்வெல்ல ரெண்டு காமெடி படம் வந்துச்சு. மே மாசம் ஜேம்ஸ் கன்னோட கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி வால்யூம் 2, நவம்பர்ல டைக்கா வைடிட்டியோட தோர் ராக்னராக். ரெண்டுமே விண்வெளி, ரெண்டுமே கலர் கலரா, ரெண்டுலயும் அப்பா பஞ்சாயத்து. சிரிப்ப மட்டும் பாத்தா என் ஓட்டு ராக்னராக்குக்குதாங்க, சந்தேகமே இல்ல.

ஆனா கிளைமாக்ஸ எடுத்துக்கோங்க. தோரோட சொந்த ஊரு அஸ்கார்டே பத்தி எரியுது, ஜனங்க மொத்தமும் கப்பல்ல நின்னு சொந்த ஊரு அழியறத பாக்குறாங்க, அந்த நேரத்துல தோரோட கல்லு உடம்பு நண்பன் கோர்க் வந்து அஸ்திவாரம் உறுதியா இருக்கற வரைக்கும் திரும்ப கட்டிக்கலாம்ங்கற மாதிரி ஆறுதல் சொல்றான், சொல்லி முடிக்கறதுக்குள்ள மிச்சமும் வெடிச்சு சிதறுது, உடனே அஸ்திவாரமும் போச்சு சாரின்றான். நானும் குபீர்னு சிரிச்சேன், பொய் சொல்லல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒரு மாதிரி ஆச்சு, ஊரே போயிருக்கு, ஒரு ரெண்டு செகண்டு கூட வருத்தப்பட விடலயே.

கன் அப்படியே தலைகீழ். கார்டியன்ஸ் ஹீரோ குவில், சின்ன வயசுல டிவில பேசற கார் ஓட்டற ஹீரோவா நடிச்ச டேவிட் ஹாசல்ஹாஃப் போட்டோவ பாக்கெட்ல வச்சுகிட்டு இவர்தான் எங்கப்பான்னு ஸ்கூல்ல பீலா விட்ட கதைய கூட்டாளி கமோராகிட்ட சொல்லுவான், கேக்க பாவமாவும் இருக்கும் சிரிப்பாவும் இருக்கும். குவில வளத்த யோண்டு தன் ஸ்பேஸ் சூட்ட அவனுக்கு மாட்டிவிட்டு செத்துப்போனப்புறம், இறுதிச்சடங்குல அதே ஹாசல்ஹாஃப் பேச்சு திரும்ப வருது. பேசற கார் இல்லாட்டி என்ன, யோண்டுகிட்ட பறக்கற அம்பு இருந்துச்சேன்றான் குவில். முன்னாடி சிரிக்க வச்ச அதே விஷயம்தான், இப்ப தொண்டைய அடைக்குது. குறுக்க எவனும் வந்து மொக்க போடல. (அதுக்காக கன் சுத்தத் தங்கம்லாம் இல்ல, ஒரு வில்லனோட டேசர்ஃபேஸ்ங்கற பேர வச்சு ஒரே ஜோக்க எவ்ளோ நேரம்யா இழுப்ப?)

வைடிட்டிக்கு இது வராதுன்னும் சொல்ல முடியாது. ராக்னராக்ல அந்த லிஃப்ட் சீன் இருக்குல்ல, தோர் தம்பி லோகிகிட்ட உன்ன ரொம்ப பெருசா நெனச்சிருந்தேன்டா, ஆனா நம்ம பாதை எப்பவோ வேற வேற ஆயிடுச்சுன்னு மனசு விட்டு பேசறது. பேசி முடிச்சு, அது உள்ள இறங்கினப்புறம்தான் தோர் 'கெட் ஹெல்ப்'னு கத்திகிட்டே லோகிய எதிரிங்க மேல தூக்கி எறியற கூத்து ஆரம்பிக்குது.

2022ல வந்த வைடிட்டியோட அடுத்த தோர் படம் லவ் அண்ட் தண்டர்லதான் கணக்கு தப்பிடுச்சு. தோரோட பழைய காதலி ஜேனுக்கு நாலாம் ஸ்டேஜ் கேன்சர், தோரோட மந்திர சுத்தியல தூக்கத் தூக்க நோயோட போராடற தெம்பும் வத்திப்போகுது, என்ன மாதிரி கதை! இன்னொரு பக்கம் ரெண்டு ஆடு வீல்னு கத்திகிட்டே இருக்கு. முதல் தடவ சிரிச்சேன், அப்புறம் ம்யூட் பட்டன தேடினேன். அதுலயும் ஒண்ணு மட்டும் சரியா அமைஞ்சுது. படம் பூரா ஜேன் தனக்குன்னு ஒரு பஞ்ச் டயலாக் தேடி சொதப்பிகிட்டே இருப்பா, சாகப்போற நேரத்துல ஒண்ணு சிக்குது, தோர் காதுல மெதுவா சொல்றா, அவனும் இதுதான் இருக்கறதுலயே பெஸ்டுன்றான். அது என்னன்னு நமக்கு மட்டும் கேக்கவே கேக்காது.